டெர்வோவைக் கொடுத்தால் என்ன கிடைக்கும்?

பெப்ரவரி 8, சனி

இன்று வானொலியில், நேரலையில், குணாளனைப் பார்த்து "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு அப்பால் நின்ற நிலைய முகாமையாளர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். நிகழ்ச்சி முடிந்ததும் அவரே ஓடிவந்தார். "நாலு போன் லைனும் நிரம்பி வழிஞ்சுது. வாற கிழமையும் இப்பிடியே சண்டை பிடியுங்கோ!"

ஆரணி ஒட்டாவாவில் படிக்கிறாள். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்தபோது இந்தக் கொப்பியைத் தந்து, "உங்களைத் தெரியாத ஆள் வாசிச்சாலும் விளங்கவேணும் அம்மா, அப்பிடி எழுதுங்கோ" என்றாள். சரி மகளே. என் பெயர் சுகிர்தா. வயது நாற்பத்தொன்பது. ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ஆரணியின் அப்பாவும் நானும் பிரிந்து ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் ஐஸ் ஹொக்கி பார்த்தே போய்விட்டது. பஸ் டிப்போவில் என்னளவு ஹொக்கி கதைக்க ஆளில்லை. அதனால் கார்த்திகையில் இந்தத் தமிழ் வானொலிக்காரர் என்னைக் கூப்பிட்டார்கள். சனி பதினொரு மணிக்கு "பனித்தளம்." எனக்கு எதிரே குணாளன். மருந்தாளர், ஐம்பத்து மூன்று வயது. மனைவி காலமாகி ஏழு வருடம். ஹொக்கி தெரிந்தவர்தான். ஆனால் பிழையாகத் தெரிந்தவர்.

எங்கள் அணி ஹெரன்ஸ். நேயர்கள் எல்லோருக்கும் அது "எங்கடை கொக்குகள்." சண்டைக்குக் காரணம் யூஹா டெர்வோ. பின்லாந்துக்காரன், தடுப்பாட்டக்காரன், இருபத்தாறு வயது. கடந்த வருடம் நன்றாக ஆடினான். மார்கழியிலிருந்து படுமோசம். அவன் களத்தில் நிற்கும்போது வாங்கிய கோல், போட்ட கோலைவிடப் பதினேழு அதிகம். வீரர்களை அணிகள் தமக்குள் மாற்றிக்கொள்ள மார்ச் 7 மாலை மூன்று மணி வரைதான் நேரம். அதற்குள் இவனைத் தள்ளிவிட வேண்டும் என்கிறார் குணாளன்.

"இரண்டாம் சுற்று உரிமை ஒண்டு கிடைச்சால் கும்பிட்டு வாங்கவேணும்" என்றார்.

அதற்குத்தான் நான் விசர்க்கதை, பைத்தியக்காரப் பேச்சு, என்றேன். இப்போது யோசித்தாலும் சரியான சொல்தான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தேன். கத்தரிக்காய் கருகிவிட்டது, டெர்வோவின் பழைய ஆட்டங்களை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததால்.

பெப்ரவரி 12, புதன்

முழங்கால் அளவு பனி. பஸ் ஓட்டமில்லை என்று ஐந்தரைக்கே செய்தி வந்தது. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஆட்டங்கள். பனியில் வழுக்கி ஓடும் ரப்பர் வட்டான பக்கை டெர்வோ பறிகொடுத்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி. முப்பத்தொரு புள்ளியில் இருபத்தாறு வலப்பக்கம்!

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

டெர்வோ இடப்பக்கத்துக்காரன். மார்கழியில் வலப்பக்கத்து ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் முறிந்ததும் பயிற்சியாளர் இவனை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அங்கே நின்றால் பக் அவனுடைய மட்டையின் பின்பக்கத்துக்குத்தான் வரும். பாவம், ஒவ்வொரு தடவையும் திரும்ப வேண்டும், திரும்புவதற்குள் எதிராளி வந்துவிடுகிறான். பெடியனில் பிழையில்லை. நிறுத்தின இடம் பிழை.

சனிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. குணாளனின் பாமசிக்கே போன் அடித்தேன்.

"என்ன சுகிர்தா, சுகமில்லையோ?"

"இருபத்தாறு!" என்றேன்.

"காய்ச்சலோ? எத்தினை நாளா?"

"காய்ச்சல் இல்லை. வலப்பக்கம்!"

"வலப்பக்கம் நோகுதோ? உடனை ஆசுபத்திரிக்குப் போங்கோ, அது குடல்வாலா இருக்கும்!"

சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் பிடித்தது. யாருக்கோ எண்ணிக்கொண்டிருந்த குளிசைகளை இனி முதலில் இருந்து எண்ண வேண்டும் என்றார். கோபமில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சிரிப்பு தொலைபேசியில் வேறு மாதிரிக் கேட்கிறது.

பெப்ரவரி 15, சனி

என் புள்ளிக் கணக்கை நேயர்களுக்கு எடுத்துச் சொன்னேன். எட்டு நிமிடம், மூச்சு விடாமல். குணாளன் குறுக்கே பேசவில்லை. கடைசியில்தான் வாய் திறந்தார்.

"நீங்கள் சொல்லுறது சரியெண்டே வைப்பம். எண்டாலும் அவன் போறதுதான் நல்லம். ஒரே இடத்திலை கனகாலம் நிண்டால் ஆளுக்குப் பாசி பிடிச்சிடும். புது ஊர், புது மனிசர், புதுசா ஒரு தொடக்கம் வேணும்."

"இருவத்தாறு வயசிலை பாசியோ?"

"எந்த வயசிலையும் பிடிக்கும்."

அதை அவர் சொன்ன விதம் ஒரு மாதிரி இருந்தது. தடிமனாக இருக்கலாம். ஊரெல்லாம் தடிமனும் இருமலும்.

பிறகு வழக்கம்போல பரிமளம் அன்ரி அழைப்பில் வந்தார். மார்க்கம் நகரில் மகனோடு இருக்கிறார். வாரம் தவறுவதில்லை. "பிள்ளை, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. அந்த இரண்டாம் சுற்று எண்டுறது என்ன?"

"வருசா வருசம் புதுப் பெடியளை அணிகள் வரிசையாத் தெரிவுசெய்யும் அன்ரி. அதிலை இரண்டாவது முறை எங்களுக்கொரு பெடியனைத் தெரிவுசெய்யிற உரிமை."

"அப்ப, ஆடத் தெரிஞ்ச பெடியனைக் குடுத்திட்டு, இன்னும் பள்ளிக்கூடம் முடிக்காத பெடியனை வாங்கிறதோ? இது ஆற்றை மூளையிலை வந்த யாவாரம்?"

குணாளன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். ஒலிவாங்கியை மூட மறந்துவிட்டார். நானும்தான்.

முடிந்த பின் கோப்பி குடிக்கப் போனோம், நிகழ்ச்சி பற்றிக் கதைக்க. இரண்டு மணித்தியாலம். பச்சை நிறத்தில் ஒரு புது மேற்சட்டை போட்டிருந்தேன். வானொலியில் உடுப்புத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். மலிவு விற்பனையில் கிடந்தது, எடுத்தேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டு நேரம் ஆரணி போன் எடுத்தாள். ஒலிப்பதிவுகளை இணையத்தில் கேட்கிறாளாம். "ஏனம்மா அவரை இப்ப 'அண்ணை' எண்டு கூப்பிடுறேல்லை?" அண்ணை என்று கூப்பிட்டால் சண்டை எடுபடாது, அதனால் நிறுத்திவிட்டேன் என்றேன். "ஓ" என்றாள். மூன்று தடவை "ஓ" என்றாள். படிக்கச் சொல்லிவிட்டு வைத்தேன்.

பெப்ரவரி 20, வியாழன்

நடந்துவிட்டது! இடப்பக்கத்து ஆட்டக்காரனுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் டெர்வோவை இடப்பக்கம் விட்டார்கள். ஒரு தடவைகூடப் பக்கைப் பறிகொடுக்கவில்லை. ஒரு தடவைகூட! எதிரணியில் மலைபோல ஒருத்தன் பாய்ந்து வந்தான். டெர்வோ சும்மா மட்டையை நீட்டிப் பக்கை எடுத்துக்கொண்டு போனான், மேசையிலிருந்து பேனை எடுக்கிற மாதிரி. நான் சோபாவில் ஏறி நின்றேன்.

உடனே குணாளனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதே நேரம் அவர் எனக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் குரல் செய்தி விட்டிருக்கிறோம். அவருடைய செய்தி: "சுகிர்தா! பாத்தனீங்களோ! பாத்தனீங்களோ!" அவ்வளவுதான். அதை அழிக்கவில்லை. ஆட்டம் பற்றிய குறிப்பு அல்லவா, தேவைப்படலாம்.

பெப்ரவரி 22, சனி

வெற்றி வீராங்கனையாகப் போய் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தேன். குணாளன் கை கூப்பினார். "தோத்திட்டன். நீங்கள் சொன்னதுதான் சரி. பெடியன் கெட்டிக்காரன்."

என் வாழ்க்கையில் ஓர் ஆண்மகன் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்ததாகச் சொன்னாரே ஒன்று! "அதாலைதான் இப்ப குடுக்கவேணும். போன கிழமை இவனை வாங்க ஆளில்லை. இன்னும் நாலு ஆட்டம் இப்பிடி ஆடினானெண்டால் முதல் சுற்று உரிமையும் தந்து, மேலாலை இளம் முன்கள ஆட்டக்காரனையும் தருவினம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. அவன் நல்லவன் என்று நிரூபித்தால் அவனை வைத்துக்கொள்வார்கள் என்றல்லவா நினைத்தேன்? நானே அவன் பெறுமதியை ஏற்றி, நானே அனுப்பி வைக்கப் போகிறேனா?

"அப்ப நல்லா ஆடினாலும் போகவேணும், கூடாமல் ஆடினாலும் போகவேணுமோ?" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது.

"வரச்சொல்லி ஆரும் கேக்கிறது, அவனிலை ஏதோ பெறுமதி இருக்கிறதாலைதானே" என்றார் குணாளன். மெதுவாகச் சொன்னார். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

குணாளனுக்குப் பாமசியில் யாரோ இரண்டு ரிக்கெற் கொடுத்தார்களாம். பகல் ஆட்டம். நிகழ்ச்சிக்கு உதவும் என்று போனோம்.

ஆக மேலே, கூரைக்குக் கீழே இருக்கை. அங்கிருந்து பார்த்தால் வீரர்கள் எறும்புகள். ஆனால் எங்கள் எறும்பை எனக்குத் தெரியும், தோள் ஒன்றைச் சரித்துக்கொண்டு ஓடும். மூன்றாம் பகுதியில் தொலைவிலிருந்து ஓர் அடி அடித்தான். வலைக்குள்! இந்த வருடத்தில் அவனுடைய முதல் கோல். இருபதாயிரம் பேர் கத்தினார்கள். நான் "என்ரை பிள்ளையே!" என்று கத்தினேன். முன்னால் இருந்த வெள்ளைக்காரர் திரும்பி எனக்குக் கை கொடுத்தார். நான் டெர்வோவின் அம்மா என்று நினைத்திருப்பார் போல. குணாளன் அதைத் திருத்தவில்லை. அந்த மனிதர் "காங்கிராட்ஸ்" என்று குணாளனுக்கும் கை கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்! சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்தது.

வெளியே பனி உறைந்து வழுக்கியது. அதனால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கார் நிறுத்துமிடத்தில் உப்புப் போட்டிருந்தார்கள், வழுக்கவில்லை. கையை எடுக்க ஞாபகம் வரவில்லை.

காரடியில் நின்று, "சுகிர்தா, உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும்" என்றார்.

டெர்வோவைப் பற்றித்தான் என்று தெரியும். "இப்ப கதைச்சு முடிச்சால் வெள்ளிக்கிழமை, கெடு முடியிற நாள் சிறப்பு நிகழ்ச்சியிலை என்னத்தைக் கதைக்கிறது? அண்டைக்கு வைச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். தலையாட்டினார். கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளி மாலை ஓட்டத்துக்கு லீவு கேட்டேன். நாலு வருடத்தில் முதல் லீவு. "வீட்டில் ஏதும் விசேசமா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். ஹொக்கி என்றேன். உடனே தந்துவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

ஒழுங்காக, நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை சிறப்பு நிகழ்ச்சி. முதல் ஒரு மணித்தியாலம் டெர்வோவைக் கொடுப்பதா இல்லையா என்று ஊரே சேர்ந்து அடிபட்டது. இரண்டு இருபதுக்குக் கணினித் திரையில் செய்தி வந்தது. டெர்வோவை டுலூத் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு முதல் சுற்று உரிமை ஒன்று, இளம் முன்கள ஆட்டக்காரன் ஒருவன். குணாளன் சொன்னது அப்படியே, ஒரு சொல் பிசகாமல்.

"நீங்கள் வெண்டிட்டியள்" என்றேன். வாழ்த்தத்தான் நினைத்தேன். குற்றம் சாட்டுகிற மாதிரி வந்தது.

"ஓம்" என்றார். வென்ற ஆளின் முகமாக இல்லை.

அப்போதுதான் பரிமளம் அன்ரி அழைப்பில் வந்தார். "பிள்ளை, அந்தப் பெடியன் போனது கவலைதான். ஆனால் இனி நிகழ்ச்சிக்கு என்ன செய்யப் போறியள்? குணாளன் தம்பியும் போறாரெல்லோ?"

"எங்கை போறார் அன்ரி?"

"கல்கரிக்கு! என்ரை மகன்தானே வீடு விக்கிற ஏஜன்ற். தம்பி தன்ரை வீடு என்ன விலை போகுமெண்டு கேட்டவராம். அங்கை பெரிய பாமசி ஒண்டுக்குப் பொறுப்பாக் கேட்டிருக்கினமாம். என்ன பிள்ளை, உமக்குத் தெரியாதோ?"

வானொலியில் ஐந்து வினாடி மௌனமே பெரிய குற்றம். இது பதினைந்து வினாடி இருந்தது. முகாமையாளர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். குணாளன் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "ஞாயிற்றுக்கிழமை சொல்லத்தான் வந்தனான்" என்றார், ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்து.

நான் அழுதிருக்க வேண்டும். அல்லது எழும்பிப் போயிருக்க வேண்டும். வாயிலிருந்து வந்தது இதுதான்:

"கல்கரி எங்களுக்கு என்ன தருது?"

"என்ன?"

"உங்களைக் குடுத்தால் பதிலுக்கு எங்களுக்கு என்ன தருகினம்? நேயர்களே, நேரம் ரெண்டு முப்பத்தொண்டு. மூண்டு மணிக்குள்ளை சொல்லுங்கோ. குணாளனின்ரை பெறுமதி என்ன?"

நாலு லைன் விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன.

பிராம்ப்ரனிலிருந்து ஒருவர்: "ஐம்பத்து மூண்டு வயசு. வேகம் குறைவு. எண்டாலும் அனுபவம் இருக்கு. நாலாம் சுற்றுக்கு மேலை போகாது."

குணாளன் "நாலாம் சுற்றோ!" என்றார். உண்மையாகவே காயப்பட்டுப் போனார்.

அடுத்தது ஏஜக்ஸிலிருந்து ஒரு பெண். "அம்மாவுக்கு ரெண்டு டொக்ரர்மார் ரெண்டு மருந்து எழுதினவை. ரெண்டும் ஒண்டோடை ஒண்டு ஒத்துவராது எண்டு கண்டுபிடிச்சது இவர்தான். அம்மா இண்டைக்கும் இருக்கிறா. ஒரு முதல் சுற்றும் காணாது அக்கா. குடுத்திடாதேங்கோ!"

வேறொருவர், குரல் கொஞ்சம் கரகரப்பு, ஆளை மாற்றினால் நிகழ்ச்சிக்கு நல்லது என்றார். அவரை அடுத்து வந்த மூன்று பேர் அவரைத் திட்டினார்கள். பரிமளம் அன்ரி மறுபடி வந்து, தம்பிக்கு மீன்குழம்பு வைக்கத் தெரியுமா என்று விசாரித்தார். தெரியும் என்றார் குணாளன். "அப்ப விலை ஏறுது" என்றார் அன்ரி.

நான் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தேன். எது எதற்கென்று பிரிக்க முடியவில்லை.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குக் குணாளன் கையை உயர்த்தினார், வகுப்பில் கேள்வி கேட்கிறவர் மாதிரி. "எல்லாரும் என்னைக் குடுக்கிறதா வைச்சிருக்கிறதா எண்டு கதைக்கிறியள். சில வீரர்மாருக்கு ஒப்பந்தத்திலை ஒரு நிபந்தனை இருக்குமெல்லோ, அவையின்ரை சம்மதம் இல்லாமல் மாத்தேலாது எண்டு. எனக்கு அது இருக்கோ?"

"இருக்கு" என்றேன்.

"எங்கை எழுதிக் கிடக்கு?"

"இப்ப எழுதித் தாறன்."

முன்னாலிருந்த தாளின் மறுபக்கத்தைத் திருப்பினேன். பேனை எழுதவில்லை. முகாமையாளர் ஓடிவந்து தன் பேனையைத் தந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது.

"எத்தினை வருச ஒப்பந்தம்?" என்று கேட்டார் குணாளன்.

"எனக்கு நாப்பத்தொன்பது. உங்களுக்கு ஐம்பத்து மூண்டு. கிடக்கிற வருசம் எல்லாம். நீங்களே எண்ணிப் பாருங்கோ, எண்ணுறதுதானே உங்கடை வேலை."

அவர் எண்ணவில்லை. தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு ஐம்பத்தெட்டு.

முகாமையாளர் ஏதோ பாட்டைப் போட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, நடைபாதையில் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளுக்கு நடுவே நின்று அவர் எல்லாம் சொன்னார். கல்கரிக்காரர் தைமாதமே கேட்டிருக்கிறார்கள். வரும் திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவி போன பின் இந்த ஊரில் தனக்கு என்ன இருக்கிறது என்று போகத்தான் நினைத்தாராம்.

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

"டெர்வோ போகவேணும் எண்டு நான் வாதாடினது என்னைப் பற்றித்தான், அதிலை உங்களிட்டைத் தோத்துப் போகவேணும் எண்டுதான் சனிக்குச் சனி வந்தனான். நீங்கள் வெண்டு என்னைப் போகவிடாமல் மறிக்க மாட்டியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"விசர்" என்றேன். இம்முறை ஒலிவாங்கி இல்லை.

மார்ச் 8, சனி

காலை ஏழு மணிக்கு ஆரணி. "அம்மா! என்ரை அறைத்தோழியின்ரை அம்மாவின்ரை சிநேகிதி சொல்லி எனக்குத் தெரியவேண்டிக் கிடக்கு! ரேடியோவிலை கலியாணம் பேசுறதோ?" அரைமணி நேரம் கத்தினாள், சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறாளாம், ஆளைப் பரிசோதிக்க. புது வீரனை அணி வைத்தியர் சோதிப்பதுபோல முழங்காலையும் பார்ப்பாளாம்.

மார்ச் 10, திங்கள்

காலை ஓட்டத்தில் நான் பாடிக்கொண்டே ஓட்டினேனாம். தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்தியதும் பின்னாலிருந்து பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பத்து மணிக்குக் குணாளன் என் வீட்டுக் குசினியில் நின்றுதான் கல்கரிக்குப் பதில் சொன்னார். நன்றி, வரவில்லை என்றார். ஏன் என்று அங்கே தொலைபேசியில் பேசிய அம்மணி கேட்டிருக்க வேண்டும். இவர் கொஞ்சம் யோசித்து, "இங்கே சரியான பக்கத்தில் நிற்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மணிக்கு என்ன விளங்கியதோ. வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார்.

டெர்வோ நேற்று டுலூத்துக்கு முதல் ஆட்டம் ஆடினான். இடப்பக்கம். டுலூத் போட்ட இரண்டு கோல்களுக்குப் பக்கைத் தள்ளிக் கொடுத்தது அவன்தான். அவன் இல்லாத எங்கள் கொக்குகள் இன்று பலமான அணியோடு மோதுகிறார்கள். தோற்பார்கள் என்று நினைக்கிறேன். தோற்கட்டும்.

ஆறு மணிக்குக் குணாளன் வருகிறார், ஒரு சட்டி மீன்குழம்போடு. வீடு கூட்டவில்லை. தலை வாரி இழுக்கவில்லை. ஆனால் அவர் வருவதற்குள் இந்தக் கொப்பியில் ஒரு வசனம் எழுதிவிட வேண்டும். ஒரு மாதமாக எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்த வசனம்.

நான் சந்தோசமாக இருக்கிறேன்.